சிரித்துக்கொண்டே கொடுத்த வார்த்தை

கொல்லங்கோடு,
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள நிமி அப்பாவுக்கு,

ஆனந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். மஸ்கட்டில் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மாகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உங்கள் மேல் இவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டும் வேண்டிக்கொண்டேன், அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் "சிக்னல் இல்ல அம்மிணி, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறீர்கள். எனக்குக் குரல் ஏறும்போது மட்டும் மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறது. சிக்னல் இருந்தாலும் உங்கள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். புருசன் பெண்சாதி பேசுவதை ஊரே கேட்க வேண்டுமா? உங்கள் ரூமில் இருக்கிற பவுல்ராஜ் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இதை உங்களால் கட் பண்ண முடியாது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் தாங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, தென்னைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பாய்ச்சுகிறோம். மாங்காய் இந்த வருசம் பரவாயில்லை. உங்கள் அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறார். நிமிக்கு முன்பல் விழுந்து புதுப்பல் எட்டிப்பார்க்கிறது.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

தை மாசம் ஆனைமலையில் உங்கள் அக்கா கற்பகத்தின் சின்ன மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் நீங்கள். வர முடியவில்லை. அதனால் உங்கள் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு, மாமன் இடத்தில் உங்களை வீடியோ காலில் வைத்தார்கள். சீர்த்தட்டில் ஒரு தேங்காயில் சாய்த்து ஃபோனை நிறுத்தி, அதன் முதுகுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் அக்காவின் மாமனார் ராக்கப்பன் ஐயா ஃபோனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "ஏனப்பா மாப்பிள்ள, என்ற பேரனுக்கு உன்ற புள்ளையத்தான கேக்கறோம், சரிதானே?" என்றார். உங்கள் அக்கா பையனுக்குத்தான் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். முறை இருக்கிற வீட்டில் பிறந்த அன்றைக்கே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும் என்று எனக்கும் தெரியும். நீங்கள் என்ன சொல்லியிருக்கலாம்? "குழந்தைங்க வளரட்டுங்க, அதுக்கென்ன அவசரம்" என்று சொல்லியிருக்கலாம். ஊரில் புத்தியுள்ள எல்லா அப்பன்மாரும் அப்படித்தான் சொல்லித் தப்பிக்கிறார்கள். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு, "உங்க ஊட்டுப் புள்ளதானுங்களே, இப்பவே வேணாலும் கூட்டிட்டுப் போய்க்குங்க" என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. உங்களுக்குக் குஷி தாங்கவில்லை. டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போனபிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. ராக்கப்பன் ஐயா வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து உங்கள் அப்பாவிடம் நீட்டினார். உங்கள் அப்பா எழுந்து நின்று வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். சபையில் வெற்றிலை கைமாறினால் நம்மவர்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமன் வாக்குக் கொடுத்தான், தாத்தா வெற்றிலை வாங்கினார், முடிந்தது. உங்கள் அக்காவின் மாமியார் கூட்டத்துக்குள்ளிருந்து நிமியை இழுத்து உட்காரவைத்து, கையில் ஒரு தங்க வளையலைப் போட்டார். மண்டபத்துப் படியில் சறுக்கி விளையாடிவிட்டு, ஃபோனில் உங்களைப் பார்க்க ஓடிவந்து நின்றவள் அவள். பாவாடையெல்லாம் புழுதி. ஏழு வயசுக் குழந்தை, என்ன ஏது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் அத்தனை பேர் முன்னால் அவள் பாவாடைப் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, "வெளையாட்டுக்குச் சொன்னதப் போயி பெருசு பண்றே" என்று. விளையாட்டு யாருக்கு? போன மாசம் நிமி தலையில் பேன் நெளிந்தது. ராத்திரி பகல் என்று சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. கழுத்தளவுக்கு முடியை வெட்டிவிட்டேன். மூன்றாம் நாள் உங்கள் அக்காவின் மாமியார் ஃபோன். "எங்க ஊட்டுக்கு வர்ற புள்ளையோட முடிய யாரக் கேட்டு வெட்டுனே?" என்று கேட்டார். பேனைக் கேட்டு வெட்டினேன் என்று சொல்லிவிட்டேன். மரியாதை இல்லாதவள் என்று எனக்குப் பேர் வந்துவிட்டது. வரட்டும். என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் தலைக்கு நான் எண்ணெய் வைக்கவும் இனி ஆனைமலையில் அனுமதி வாங்க வேண்டுமா?

அதோடு போகவில்லை. வெயிலில் சைக்கிள் ஓட்டவிடாதே, கறுத்துப்போவாள் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் சேர்க்காதே என்கிறார்கள். இப்போது பரீட்சை முடிந்ததும் லீவு முழுக்க அங்கே அனுப்பிவைக்கச் சொல்கிறார்கள், "பழகட்டும்" என்று. உங்கள் அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நிமியை யார் கேட்பது?

நிமியைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். வாய் மூடாமல் பேசுவாளே, இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். போன வாரம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குச் சோப்புப் போடும்போது, "அம்மா, அங்க போனா என்னை யாரு குளிப்பாட்டுவாங்க?" என்று கேட்டாள். எங்கே என்றேன். "அத்தையூட்டுக்கு. அப்பாதான் என்னைக் குடுத்துட்டாரே. ஆத்தா சொல்லுச்சு" என்று உங்கள் அம்மாவைச் சொன்னாள். இப்பவே கூட்டிட்டுப் போங்க என்று நீங்கள் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பெரியவர்களுக்கு அது பேச்சு. குழந்தைக்கு அது நிஜம். கல்யாணம் என்றால் என்ன, எத்தனை வருசம் கழித்து என்றெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? காரில் வந்து கூட்டிப்போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பள்ளிக்கூடக் கேட்டுக்கு முன்னால் ஏதாவது வண்டி நின்றால் இவள் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். டீச்சர் எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லையாம். வீட்டில் ஏதாவது அடிதடியா என்று என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. இவள் அப்பா ரொம்ப நல்லவர், சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கொடுத்துவிட்டார் என்றா சொல்வது? இப்போது ராத்திரியில் பாயையும் நனைத்துவிடுகிறாள். மூன்று வயசில் விட்ட பழக்கம்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். "பொட்டப்புள்ளைக்கு இப்பவே தெரிஞ்சிருந்தா நல்லதுதான்" என்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் பத்து வருசமாக நாலு நாட்டு ஆட்களோடு வேலை பார்க்கிறவர். உங்களுக்கு எங்கே போனது புத்தி?

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை, கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வளையலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி ஆனைமலையில் இறங்கினேன். அவர்கள் தேங்காய் காயவைக்கிற கொப்பரைக் களத்திலேயே எல்லோரும் இருந்தார்கள். வளையலை உங்கள் அக்கா முன்னால் வைத்து, என் பிள்ளை பயந்துகிடக்கிறாள், இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உங்கள் அக்கா ஆடித்தீர்த்துவிட்டார். சபையில் வாங்கினதை மடியில் கட்டிக்கொண்டு வந்து திருப்பித் தருகிறாயா, எங்களை என்ன என்று நினைத்தாய் என்று களமே அதிரக் கத்தினார். அவர் பையன், நீங்கள் மாப்பிள்ளை ஆக்கின அந்தப் பத்தாங்கிளாஸ் பையன், காதுவரைக்கும் சிவந்து எழுந்து போய்விட்டான். அவனையும் ஸ்கூலில் கேலி செய்கிறார்களாம். அந்தப் பிள்ளையையும் யாரும் கேட்கவில்லை.

நான் அழுதுகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். பின்னாலேயே உங்கள் அக்கா வந்தார். இன்னும் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்க நின்று, "அங்க வெச்சு நான் வேற எப்படிப் பேசறது? எனக்கும் இப்படித்தான் பேசி முடிச்சாங்க. பத்தாவதுல நான் எடுத்த மார்க்கு என்ற ஊட்டுக்காரருக்கே தெரியாது. உன்ற புள்ளைய நல்லாப் படிக்க வை. ஆனா இந்த வளையல நான் வாங்க முடியாது, நீயும் குடுக்க முடியாது. வாக்குக் குடுத்தவன் வந்து எடுக்கோணும். என்ற தம்பிகிட்டச் சொல்லு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். உங்கள் அக்காவின் படிப்பை நிறுத்தினபோது நீங்கள் சாப்பிடாமல் கிடந்ததாகக் கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னீர்களே. அதே வாய்தானே இது?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். மாகாளியம்மன் கோவில் திருவிழாச் சாட்டுக்காக, இந்த வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை ராக்கப்பன் ஐயா வீட்டார் எல்லோரும் இங்கே வருகிறார்கள். காதுகுத்துக்கு இருந்த கூட்டம் அப்படியே இருக்கும். நான் ஃபோனை எடுத்துவந்து சபையில் வைக்கிறேன். நீங்கள் பேசவேண்டும். பெரியவர்களுக்கு மரியாதை குறையாமல் பேசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நான் அன்னைக்கு யோசிக்காமச் சொல்லிப்போட்டனுங்க, மன்னிச்சுக்குங்க, என்ற புள்ள படிக்கட்டுங்க, யாரக் கட்டறதுங்கறத அவ வளந்து அவளே சொல்லட்டுங்க" என்று சொல்லுங்கள். உங்களுக்கு அவமானமாக இருக்கும். தெரியும். உங்கள் அப்பா நாலு நாள் பேசமாட்டார். ராக்கப்பன் ஐயா உறவே வேண்டாம் என்று எழுந்துகூடப் போகலாம். போகட்டும்.

அன்றைக்கும் சிக்னல் போய்விட்டால், நானே எழுந்து சொல்லிவிடுவேன். பொம்பளை சபையில் பேசக்கூடாது என்பார்கள், பேசுவேன். ஆனந்தி புருசன் வார்த்தைக்கு வீட்டிலேயே மதிப்பில்லை என்று ஊர் சிரிக்கும். எனக்கு அதில் ஆசையில்லை. அந்தக் கூட்டத்தில் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு உங்களோடு குடித்தனம் பண்ணுவேன்? அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதிக் கெஞ்சுகிறேன். இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

இன்னும் ஒன்று. எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். நேற்றுச் சாயந்திரம் நீங்கள் ஃபோன் பண்ணியபோது நிமியைக் கேட்டீர்கள். தூங்கிவிட்டாள் என்றேன். அவள் தூங்கவில்லை. என் பக்கத்திலேதான் நின்றாள். உங்கள் குரல் கேட்டதும் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்பா ஃபோன் என்றால் தெருமுனையிலிருந்து ஓடிவருகிற பிள்ளை.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் வேண்டும். வெள்ளிக்கிழமை பேசிவிடுங்கள். பேசி முடித்தபிறகு அவளைக் கூப்பிட்டு, "உன்னை யாருக்கும் குடுக்கலை சாமி" என்று அவள் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள். அப்பாதானே கொடுத்தார், அப்பா சொல்லட்டும் என்கிறாள்.

உங்கள்
ஆனந்தி