நிற்காதே, ஓடு என்று சொல்லித் தந்தோமே

என் உயிர் பரமேசுக்கு,

நீ போய் ஏழாவது மாதம் நடக்கிறது. கல்லடிக் கடல் உன்னைக் கொண்டுபோன பிறகு இனி எதற்கும் அதிரமாட்டேன் என்றிருந்தேன். போன கிழமை மறுபடியும் அதிர்ந்துபோனேன். லண்டனில் நம் மகள் சுதா வேலைக்குப் போகும் ரயிலில் குண்டு வெடித்துவிட்டது, பரமேஸ். லண்டனில்!

அவளை அனுப்பும்போது நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அவங்கட ஆமி எங்கயோ தூரத்து நாட்டிலதானே சண்டை பிடிக்குது. ஊருக்குள்ள என்ன வரப்போகுது? பயப்பிடாம அனுப்புங்க." நானும் தலையாட்டினேன்.

அன்று முழுக்க அவளுடைய போன் வேலை செய்யவில்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிள்ளை என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? குண்டு வெடித்தால் நிற்காதே, ஆமியின் சுற்றிவளைப்பு வருமுன் ஓடு என்று நீ சொல்லித் தந்ததையே செய்திருக்கிறாள். இங்கே போல அங்கேயும் தமிழ்ப் பிள்ளை என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்தாளாம். போனை நிறுத்தி, அறையைப் பூட்டி, கட்டிலுக்கடியில் கிடந்திருக்கிறாள். ஒரு ஆமிக்காரனும் வரவில்லை.

மறுநாள்தான் பேசினாள். "அப்பா, பக்கத்தில இருந்த பொம்புள ரத்தத்தோட என்ட கையப் புடிச்சா. நான் உதறிப்போட்டு ஓடிட்டன்."

அங்கே இப்போது ஒரே வாக்குவாதமாம். ஆமியை அனுப்பியதால்தான் குண்டு வந்தது என்கிறார்கள் சிலர். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறது அரசாங்கம். எனக்கென்ன தெரியும்? நம் தெருவிலும் ஒருகாலம் வேற்று நாட்டு ஆமி நின்றது. அவர்கள் போனபின், அவர்களுடைய நாட்டிலேயே குண்டு வெடித்ததை நீயும் நானும் ரேடியோவில் கேட்டோமே! அதையெல்லாம் பார்த்த நாம், தூரத்துச் சண்டை தூரத்திலேயே நிற்கும் என்று எப்படி நம்பினோம்? ஆனாலும் குண்டு வைத்தவனின் பாவத்தை ஆமியின் தலையில் மட்டும் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ரயிலில் இருந்த அந்தப் பெண் எந்த நாட்டுக்கு ஆமி அனுப்பினாள்?

"அம்மா எண்டா என்ன செய்திருப்பா, அப்பா?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

அலை வந்தபோது நீ என் கையை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கத் திரும்பி ஓடியது அவளுக்குத் தெரியாது. உன்னைக் கடல் இழுத்துவிட்டது என்று மட்டுமே சொல்லி வைத்திருக்கிறேன்.

"அம்மாவும் ஓடத்தான் செய்திருப்பா, மகள்" என்றேன்.

என்னை மன்னித்துக்கொள். நான் உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு உண்மையைச் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் சுதாவின் அப்பா