வாசலில் கிடந்த செருப்பு

பிப்ரவரி 4, திங்கள்

காலையிலேயே வெயில். தேன்மொழி உள்ளேதான் இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை.

கேட்டது அவளுடைய தாய்மாமன். செல்லூரில் தறி போட்டிருப்பவன். வெள்ளிக்கிழமை அவளை அவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். வியாழன் பிளஸ் டூ கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வு. எழுதிவிட்டு மேலே படிக்கப் போகிறேன் என்றதற்கு நேற்று வீட்டில் பெல்ட் அடி. முதுகைக் காட்டினாள். பக்கிள் பதிந்த இடமெல்லாம் நாவல்பழ நிறம். மாலையில் அவளுடைய விளாங்குடிச் சித்தி வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதுவரை கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து, பூட்டைப் போட்டேன்.

"எங்க அக்கா மகள வரச் சொல்லுங்க டீச்சர்."

"இன்னைக்கு அவ வரலையே."

திரும்பியவன் நின்றான். அறைக்குள் தூசி கூடாது, செருப்பை வெளியே விடவேண்டும்: மெஷின்கள் வந்த நாளில் நான் போட்ட சட்டம். நீல வார், ஊக்கு குத்திய ஒரு ஜோடி. வாசலில், ஒழுங்காக.

"வராதவ செருப்பு மட்டும் நடந்து வந்துச்சாக்கும்?"

இரண்டே உதை. தாழ்ப்பாள் பெயர்ந்தது. அதே செருப்பால் அவள் முகத்தில், வாயில். முடியைச் சுருட்டி இழுத்தான். கீபோர்டை வயரோடு பிடுங்கி அவன் மூக்கில் அடித்தேன். மறுபடியும். எழுத்துக் கட்டைகள் சிதறின. என் காதில் ஓர் அறை. பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். இருபது பேரை அவனால் தள்ள முடியவில்லை.

"நீ இனி எப்பிடி இங்க சம்பளம் வாங்குறேன்னு பாக்குறேன்டி."

என் சம்பளம் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினுடையது. நன்கொடை கொடுத்து அவன் அதில் உறுப்பினன்.

பிப்ரவரி 5

நேற்று மாலை சித்தி வந்து தேன்மொழியைக் கூட்டிப்போய்விட்டாள். இடது காதில் ஓயாத இரைச்சல். படிக்க எடுத்த புத்தகம், ஒரே பக்கம்.

வாங்க: சொட்டு மருந்து, தாழ்ப்பாள், மாவு.

தலைமையாசிரியை: "ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துரும்மா."

"அவன் அடிச்சதுக்கா?"

"அவரு டீச்சர் இல்லியேம்மா."

கொடுக்கவில்லை.

அடித்தபோது பயமில்லை. இனித்தது. தூங்கவிடாதது அதுதான்.

பிப்ரவரி 6

இனி வரவேண்டாமாம். பெஞ்சைத் துடைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7, வியாழன்

பள்ளிக்கு எதிரே டீக்கடை மறைவில் நின்றேன். தேன்மொழி வந்தாள், உதட்டில் தையல். அவளும் மற்றப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். நான் சொல்லவில்லை. கதவு சாத்தப்பட்டது. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

பத்தரைக்கு அவன். மூக்கில் பிளாஸ்திரி. வாசலையே பார்த்தான்.

"பரீட்சை முடிஞ்சிருச்சாண்ணே?"

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டே, "அப்பவே எல்லாம் போயிருச்சுகளே." அவன் திரும்பிப் போனான்.

மதியம் தேர்வு முடிந்து வந்தவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏனோ மனம் ஒப்பவில்லை.

பிப்ரவரி 8

கல்யாணம் நடக்கவில்லை. விடியுமுன் ஆட்களோடு போய் விளாங்குடி வீட்டுக் கதவை உடைத்திருக்கிறான். சித்திக்குக் கை முறிவு. தேன்மொழி என் அறையில் தூங்குகிறாள். இரண்டு ஜோடிச் செருப்பையும் உள்ளே எடுத்து வைத்தேன்.