கண்ணாடியில் நின்றவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து மகன் கிருஷ்ணமணி வணங்கி எழுதுவது. நான் சுகம்தான். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

வெள்ளிக்கிழமை காலை, நம் பதியில் சிலைக்குப் பதில் கண்ணாடி முன் நின்று கும்பிடுவதுபோல் தலைப்பாகை கட்டி, நாமமிட்டு, அய்யாவைக் கும்பிட அறைக் கண்ணாடி முன் நின்றேன். அதில் அப்பா நின்றார். அதே நெற்றி, அதே காது. அவர் அடக்கத்துக்குக்கூட வர முடியாத எனக்குக் கும்பிட்ட கையைக் கீழே விடத் தோன்றவில்லை.

அறையில் கூட இருக்கும் தேங்காப்பட்டணம் யாக்கூப், “ஏலே மக்கா, இவ்வளவு நேரமா யாரைக் கும்பிடுத?” என்று சிரித்தான். அய்யாவையா அப்பாவையா, எனக்கே தெரியவில்லை. இது தப்பா அம்மா?

நாமமிடும் மண் தீர்ந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் எழுதுங்கள்: அப்பாவும் பதிக் கண்ணாடி முன் கண் கலங்கி நெடுநேரம் நிற்பாரே, அவர் யாரைப் பார்த்தார்?

கிருஷ்ணமணி