வசந்தகுமார் ஜெயித்த ஐந்து கைகள்

3.8.2014, ஞாயிறு
ஆன்லைனில் முப்பத்து நான்கு போக்கர் டோர்னமென்ட். ஒன்றில்கூடப் பரிசு வரிசைக்குள் வரவில்லை. இன்று என்னிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ஒன்பது. இருந்த சில்லு முழுவதையும் வைத்தேன். ஐந்தில் நான்கு முறை நான் ஜெயிக்கவேண்டிய கை. பொதுவில் விழுந்த கடைசிச் சீட்டு, ஒன்பது; அவனுக்கு மூன்று ஒன்பது ஆகிவிட்டது. லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆடத் தெரியவில்லையா, நேரம்தான் சரியில்லையா?

10.8.2014
கீழ்வீட்டு வசந்தகுமார் இன்று ஒரு டோர்னமென்டில் அறுநூறு பேரில் இரண்டாவது. கம்பெனியில் என் பக்கத்து மெஷின்; இந்த மாடி ரூமை எனக்கு வாடகைக்கு விட்டவனும் அவன்தான். போன மாதம் இந்த ஆட்டத்தை அவனுக்குக் காட்டியதே நான்தான். அவன் மனைவி மஞ்சுளா மாடிக்குக் கேசரி கொண்டுவந்து தந்தாள். தொடாமல் மூடி வைத்தேன்.

12.8.2014
செகண்ட் ஷிப்ட். பார்த்துக் கற்றுக்கொள் என்று வசந்த் தன் ஆட்டப் பதிவை அனுப்பியிருந்தான். காலை முழுவதும் பார்த்தேன். ஐந்து முறை மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு சில்லு எல்லாவற்றையும் பந்தயத்தில் தள்ளியிருக்கிறான். ஐந்து முறையும் வேண்டிய சீட்டு வந்து விழுந்திருக்கிறது. ஒன்று தவறியிருந்தாலும் அங்கேயே முடிந்திருக்கும்.
அப்படியானால் என் முப்பத்து நான்கு? அதையும் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டில் தப்பு என்னுடையது. மற்றதில் சரியாகத்தான் ஆடியிருக்கிறேன். நானூறு, ஐந்நூறு ஆடினால்தான் ஆளின் தரம் தெரியும். என் முப்பத்து நான்கு எதையும் சொல்லவில்லை. அவனுடைய அந்த ஒரு ஆட்டமும்தான்.

14.8.2014
மஞ்சுளா படியில் நிறுத்தினாள். ஏழு மாதம் அவளுக்கு.
"அண்ணா, அவரு வேலைய வுடப் போறாராமே. உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"
தெரியாது என்றேன். பொய் இல்லை. ஆனால் இப்போது தெரியுமே.

15.8.2014
லீவு. அது வெறும் அதிர்ஷ்டம் என்று வசந்திடம் சொல்லிவிடவேண்டும். சொன்னால் வயிற்றெரிச்சல் என்பான். இல்லையா என்ன? கொஞ்சம் இருக்கத்தானே செய்கிறது.

17.8.2014
சொன்னேன். ஐந்து கைகளையும் ஒவ்வொன்றாய்க் காட்டினேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை.
"நீ தோத்துக்கினே கீற மணி. நான் ஒரு தபா ஜெயிச்சா அது லக்கா?"
"ஜெயிச்சதத் தப்புன்னு சொல்லலடே. அத நம்பி வேலைய விடாதன்னுதான் சொல்லுதேன்."
எழுந்து போய்விட்டான். ரூமைக் காலி பண்ணச் சொல்லாததுதான் குறை. ச்சே — நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் பக்கத்துல நிப்பேன்?

18.8.2014
ராஜினாமா கொடுத்துவிட்டான்.

14.9.2014
தினமும் ஆடுகிறான். கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் தோற்று எழுந்துவிட்டான் என்று அர்த்தம். இன்று நான்கு முறை கேட்டது.
நான் இன்று மூன்றாவது வந்தேன், நாற்பதாவது ஆட்டத்தில். யாரிடமும் சொல்லவில்லை. அதில் இரண்டு கை வெறும் அதிர்ஷ்டம்.

9.10.2014
மஞ்சுளாவுக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வசந்த் குழந்தையை என் கையில் கொடுத்தான். தாடி வளர்ந்திருந்தது.

2.11.2014, ஞாயிறு
வசந்த் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று மதியம் மாடியேறி வந்தான். கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களையும் சீட்டு விவரத்தோடு ஒரு தாளில் எழுதியிருந்தான்.
"இதுல எதெல்லாம் என் தப்புன்னு சொல்லு."
நிதானமாகப் பார்த்து ஒன்பது ஆட்டங்களை வட்டமிட்டேன். அவன் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, நான் விட்டிருந்ததில் இன்னும் இரண்டை வட்டமிட்டான்.