சிக்னல் இல்லாத ஓடக்காரன்

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு. ராசிபுரம்

பிளஸ் ஒன் இயற்பியல் தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன. காலையிலிருந்து லேப்டாப் முன்னால்தான். ஆனாலும் சந்தோஷம்.

காலேஜ் முடிந்தும் விடாமல் சேலத்தில் மதன் வீட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் விளையாடிய கதை விளையாட்டை இனி ஆன்லைனில்தான் தொடர வேண்டும். மதன் பெங்களூரில். உஷாராணி மஸ்கட்டில் நர்ஸ். கடைசியாக வெள்ளியங்கிரியும் மாமாவின் ரிக் வண்டியோடு போர்வெல் போட சத்தீஸ்கர் போய்விட்டான்.

மதன் ஒரு இணையதளம் காட்டினான். வரைபடத்தின் மேல் மூடுபனி. நம் ஆள் நடக்க நடக்க விலகுகிறது. பகடையும் திரையிலேயே உருள்கிறது. என் கதையில் வரும் ஆற்றில் மூழ்கிய கோட்டையை அவனே உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அவ்வளவு அழகு. இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 13

ஸ்டாஃப் ரூமில் சாரதாமணி டீச்சர் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க வித்யா, சீட்டாட்டமா?"

"இல்லீங்க டீச்சர். நான் கதை சொல்லுவேன். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா இருந்து என்ன செய்யறாங்கன்னு சொல்லுவாங்க. அது பலிக்குமான்னு பகடை சொல்லும்."

"யாரு ஜெயிப்பாங்க?"

யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பிப்ரவரி 18

முதல் ஆட்டம். வெள்ளியங்கிரியின் போனில் வரைபடம் திறக்கவே இல்லை. "வெள்ளையா ஒரு கட்டம் தெரியுது வித்யா. நீங்க ஆடுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றான்.

பிப்ரவரி 25

வேறு வழி பார்த்தோம் – வீடியோ கால், வரைபடத்தை என் திரையிலிருந்தே காட்டுவது. கோட்டை வாசலில் முதலை. வெள்ளியங்கிரியின் பாத்திரம் ஓடக்காரன் செங்கோடன். சரியாக அவன் முறையில் படம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி ஒரு முகம், அவ்வளவுதான்.

"அவனுக்கும் நானே உருட்டிடறேன்" என்று மதன் உருட்டினான். நானும் விட்டுவிட்டேன்.

சிக்னல் வந்ததும், "முதலை என்னாச்சு?" என்றான் வெள்ளியங்கிரி.

"நீ கொன்னுட்ட" என்றாள் உஷா.

"நானா" என்று மட்டும் கேட்டான்.

பிப்ரவரி 26

அவனிடமிருந்து மெசேஜ். 'செங்கோடன ஆத்தோட உட்டுரு. என்னால கதை நிக்க வேண்டாம். கோவமெல்லாம் இல்ல.'

கோவம் இல்லேன்னா எனக்கு ஏன் அழுகையா வருது? என்னத்தப் பாத்து அந்தத் தளத்தை எடுத்தேன் – பனி விலகறதையா? அவன் இருக்கற இடத்துல என்ன கிடைக்கும்னு ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 2

கேட்டேன். குரல் மட்டும் வைத்துப் பார்த்தோம். ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. "சாயங்காலம் மேட்டு மேல ஏறுனா மெசேஜ் போவுது. அவ்வளவுதான்" என்றான்.

அப்படியென்றால் மெசேஜிலேயே ஆடலாமே. ஒரு செயலி கண்டுபிடித்தேன். கதைக்கு ஒரு அறை, அரட்டைக்கு ஒரு அறை. பகடை வேண்டுமென்றால் தட்டச்சு செய்தால் போதும், விழுந்த எண் எல்லோருக்கும் தெரியும். முடிகிறபோது எழுதலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

உஷாவுக்குப் பிடித்தது, ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால். மதனுக்கு இல்லை. "இது விளையாட்டில்ல வித்யா, லெட்டர் போட்டுக்கறது. அப்ப நான் வரைஞ்சது?"

"அவன் இல்லாம நான் கதை சொல்ல மாட்டேன்" என்றேன். போனை வைத்துவிட்டான்.

மார்ச் 5

மதன் செயலிக்குள் வரவே இல்லை. "வருவான், உடு" என்கிறாள் உஷா. வராவிட்டால்? ஒருத்தனைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தனை விட்டுவிட்டேனோ?

மார்ச் 9

வெள்ளியங்கிரி எழுதியிருக்கிறான். அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன்:

'செங்கோடன் துடுப்ப தண்ணிக்குள்ள உட்டு ஆத்தோட அடியத் தட்டிப் பாக்கறான். மண்ணுன்னா ஒரு சத்தம், பாறைன்னா ஒரு சத்தம். இது ரெண்டும் இல்ல. கீழ ஒரு கூரை இருக்குது. கூரைக்குக் கீழ யாரோ திருப்பித் தட்டறாங்க.'

மேசையில் உட்கார்ந்து ஆடிய காலத்தில் "வெட்டறேன்", "ஓடறேன்" தவிர இவன் வேறு பேசியதே கிடையாது. இதெல்லாம் எங்கே வைத்திருந்தான்? யார் தட்டுவது என்று கதை சொல்கிற எனக்கே தெரியாது.

மார்ச் 10

மதன் வந்தான். ஒரே வரி. 'நான் வரைஞ்சதுல அங்க கூரையே இல்லையே.'

சாயங்காலம் ஒரு படம் போட்டான். தண்ணீருக்கடியில் ஓட்டுக்கூரை. 'சின்னதாக்கி அனுப்பியிருக்கேன், அவனுக்குத் திறக்கும்.'

திறந்தது.

ஏப்ரல் 21

இன்று யாரும் எழுதவில்லை. கவலையும் இல்லை.

மே 19

வெயில் தாங்கவில்லை. வெள்ளியங்கிரி எழுதியதை பஸ்ஸில் படித்துக்கொண்டே போய் உஷா தான் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டாளாம். திட்டுகிறாள். அவன் சிரிப்புப் பொம்மை போடுகிறான்.

ஜூலை 14, ஞாயிறு. திருச்செங்கோடு

வடக்கே மழை, ரிக் சர்வீசுக்கு ஊர் திரும்பிவிட்டது. உஷாவும் லீவில். மதன் காலையிலேயே கிளம்பி வந்தான். உஷா வீட்டு மேசையில் நாலு பேர், கையில் நிஜப் பகடை.

வெள்ளியங்கிரியின் முறை வந்தது. "செங்கோடன்... வந்து..." என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் போகவில்லை. முகம் சிவந்துவிட்டது.

மதன் மேசை மேலிருந்த அவன் போனை அவன் பக்கம் தள்ளினான். "எழுதிப் போடுடா. நாங்க எங்க போறோம்?"

அவன் எழுத ஆரம்பித்தான். நாங்களும் போனை எடுத்தோம். அப்புறம் யாரும் பேசவில்லை. உஷாவின் அம்மா அங்கம்மாள் டீயோடு வந்து, குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, வந்ததும் சண்டையா?"

"இல்லீங்கம்மா" என்றான் மதன், தலை தூக்காமல். "விளையாடறோம்."