கொக்கு என்று விட்டுவைத்தது

ஆகஸ்ட் 12, செவ்வாய். இரவு.

பொத்தேரியில் படிக்கும் அண்ணன் இன்று பாட்காஸ்ட் தொடங்கிவிட்டான். மதுவின் வரலாறு. முதல் பகுதியில் எங்கள் கருங்குழி மாமா, அந்தக் காலத்தில் ஏரிக்கரையில் பானை புதைத்து, ஊறல் போட்டு, சாராயம் காய்ச்சிய கதையைச் சொல்கிறார். கூட்டாளி பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டாளிதான் இப்போது மாமா ஓட்டும் லாரிக்கு முதலாளி. பதிவிலிருந்து பெயரைப் போனிலேயே வெட்டியது நான்.

சாயங்காலம் மாமா கூப்பிட்டார்.

"இன்னாம்மா, பேரைத் தூக்கிட்டேன்னு சொன்னியே?"

"நாலு இடத்துலயும் தூக்கிட்டேன் மாமா."

"கொக்கு, கொக்குன்னு வருதே! ஊர்ல அவர வேற இன்னான்னு கூப்புடுறாங்க? பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலயே கொக்குன்னுதான் போட்டாரு."

நான் அதை மாமா கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று விட்டுவைத்தேன். பகுதியையே எடுத்துவிடச் சொல்ல அண்ணனுக்கு ஏழு முறை போன் அடித்துவிட்டேன். அவன் போன் அணைந்து கிடக்கிறது.

மாமா திட்டவே இல்லை. "மொதலாளி கேட்டுட்டாரு. காலைல லாரி சாவிய எடுத்துகினு வூட்டாண்ட வரச் சொல்லிக்கிறாரு. அம்மா கிட்ட சொல்லாத" என்றார்.

அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவாரா, அதோடு விடமாட்டாரா என்று மாமாவிடம் அப்போதே கேட்டேன். "அம்மா கிட்ட சொல்லாத" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மாமா பயந்து நான் பார்த்ததே இல்லை.