இமையைத் தூக்கிப் பார்க்கிறவள்

கரியாலூர்
11.8.2024

அன்புத் தங்கை தேவிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுக்கொண்டு நானும் எழிலும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. போனில் கூப்பிடுவதில்லை என்று கோபித்துக்கொள்கிறாய். இந்த மலையில் டவர் கிடைக்க வேண்டுமென்றால் நான் பஸ் ஏறிக் கீழே இறங்க வேண்டும். சென்னைக்காரிக்கு அது புரியாது.

நீ சொல்கிற ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் எழுத இருந்தேன். இமைத்தோல் தொங்கிக் கண்ணை மறைக்கிறது, உண்மைதான். அரிசியில் கல் தெரியவில்லை. தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. அப்பாவின் கண் நம் இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது, எனக்கு நாலு வருஷம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் எழிலுக்கு இந்த இமைதான் விளையாட்டு. பத்தொன்பது வயதாகியும் ஒரு சொல் வராத பிள்ளை, விடிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டுவிரலால் என் இமையை மெல்லத் தூக்கிப் பார்ப்பாள். கருவிழி தெரிந்தால் சிரிப்பாள். சோறு ஊட்டும்போது தாடைக்குக் கீழே தொங்குகிற சதையைப் பிடித்துக்கொண்டால்தான் வாய் திறப்பாள். அவளுக்கு அம்மா என்றால் இந்தத் தொளதொளப்புதான்.

பிறகு போன திங்கட்கிழமை அவளுடைய ஊனச் சான்று புதுப்பிக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். கண்டக்டர், "ஆயா, பேத்திய இட்டுக்கினு உள்ள போங்க"ன்னான். எனக்கு ஐம்பத்தொன்று. சான்று கொடுக்கிற இடத்திலும் ஒரு பெண், "இதோட அம்மா வரலியா?" என்று என்னையே கேட்டாள். அம்மா நான்தான் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கண்ணுக்காக மட்டும் இல்லை, தேவி. எனக்கே ஆசை வந்துவிட்டது. எப்போது வர வேண்டும் என்று எழுது.

உன் அக்கா
ஆண்டாள்


சென்னை
22.8.2024

என் செல்ல அக்காவுக்கு,

படித்துவிட்டு அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன். அந்தக் கண்டக்டருக்கு ஒரு மாலை போட வேண்டும். நான் ஒரு வருஷமாகச் சொல்லி நடக்காததை ஒரு வார்த்தையில் நடத்திவிட்டான்.

உன் போட்டோவை எங்கள் கிளினிக் டாக்டரிடம் காட்டினேன். இமையை மட்டும் செய்தால் கண் இளசாகவும் கன்னம் தளர்ந்தும் இருக்குமாம். முகத்தோலை இழுத்துத் தைப்பதையும் இமையில் மிஞ்சின தோலை எடுப்பதையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிட்டால், ஒரே வீக்கம், ஒரே ஓய்வு. தையலெல்லாம் காதோரத்திலும் இமை மடிப்பிலும் ஒளிந்துவிடும். உன்னிடம் எதுவும் வாங்க மாட்டார்கள். கிளினிக் விளம்பரத்துக்கு உன் படங்கள் இரண்டு வேண்டுமாம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மலையில் சமைக்கிற ஒரு அம்மாளுக்கு இப்படி ஆனது என்றால் ஜனங்கள் நம்புவார்களாம்.

எழிலை உன்னோடு வேலை செய்கிற செல்லியம்மாளிடம் மூன்று வாரம் விட்டுவிட்டு வா. ஒரு விஷயம் முக்கியம். ஊருக்குத் திரும்பின பிறகும் வீக்கமும் கன்றின நீலமும் கொஞ்ச நாள் இருக்கும், பார்க்கப் பயமாக இருக்கும். முழுசாக ஆறும் வரை அவளுக்கு முகத்தைக் காட்டாதே. துண்டைச் சுற்றிக்கொள். அழகான பிறகு காட்டு, அசந்துபோவாள்.

நீ முன்னால் போ. உன்னைப் பார்த்துவிட்டு நானும் தைரியமாகப் படுத்துவிடுகிறேன். வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள் முகமும் விளம்பரம்தான் என்று மேனேஜர் ஜாடை பேச ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தேழு வயதில் வேறு எங்கே வேலை தேடுவது?

முத்தங்களுடன்
தேவிப்ரியா


கரியாலூர்
20.10.2024

தேவிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்ததை எழுதினேனே, கிடைத்ததா? அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சொன்னபடியே துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் விட்டுப் போன கோபம் எழிலுக்கு ஒரு நாள்கூட இல்லை. என் குரலைக் கேட்டு ஓடிவந்து புடவையில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். துண்டோடுதான் இரண்டு வாரமும் ஊட்டினேன். தாடைக்குப் பதில் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். துண்டுக்கு மேலே விரலை வைத்து இமை இருக்கிற இடத்தைத் தேடுவாள். நான், "இருடி, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று கையை விலக்குவேன். என் மனசுக்குள் திருவிழா. கண்ணாடியில் பார்க்கும்போது முப்பத்தைந்து வயது ஆண்டாள் தெரிந்தாள். அரிசியில் கல் தெரிந்தது. எதிர்மலையில் மரம் மரமாகத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தலை வாரி, பூ வைத்து, அவள் முன்னால் உட்கார்ந்து துண்டை எடுத்தேன்.

சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலை நீட்டி இமையைத் தூக்கப் பார்த்தாள், பிடிக்கத் தோல் இல்லை. தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள், அங்கேயும் இல்லை. பிறகு அலறினாள் பார், விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்துவிட்டார்கள். என்னைத் தள்ளிவிட்டு, அறை அறையாகப் போய்த் தேடினாள். என்னைத்தான் தேடுகிறாள், என்னைத் தாண்டித் தாண்டிப் போய்.

அன்றிலிருந்து நான் ஊட்டினால் துப்புகிறாள். கிட்டே போனால் கன்னத்தில் அடிக்கிறாள். காதோரம் இன்னும் மரத்துக் கிடப்பதால் அடி தெரிவதில்லை. வலித்தாலாவது நன்றாக இருக்கும். செல்லியம்மாள் ஊட்டினால் நாலு வாய் வாங்குகிறாள். "புள்ளைக்கு உன்ன அடையாளம் தெரில, ஆண்டாளு. உன் எடத்துல வேற யாரோ வந்துருக்கறதா நெனைக்குது" என்றாள் அவள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இதற்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

ஆண்டாள்


சென்னை
30.10.2024

அக்கா,

பயப்படாதே. டாக்டர், "பழகினால் சரியாகிவிடும், தோலும் இன்னும் ஆறு மாதத்தில் கொஞ்சம் இளகும்" என்கிறார். உன்னைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. உன் இரண்டு படங்களையும் கிளினிக் வாசலில் ஆள் உயரத்துக்கு வைத்திருக்கிறோம். உள்ளே வருகிறவர்கள் பாதிப்பேர் உன்னைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

சின்னக் குழந்தைகூடப் புது முகத்துக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். எழிலுக்கு ஒரு மாதம் ஆகட்டுமே. மனசைத் தளரவிடாதே, அழுதால் இமை வீங்கும்.

தேவி


கரியாலூர்
24.11.2024

தேவிக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. எழிலின் கையில் வளையல் நிற்கவில்லை, முழங்கை வரை ஏறுகிறது.

நீ அனுப்பிய பழைய படம் வந்தது, "முன்னால்" எடுத்தது. என் தலை அளவுக்கே போடச் சொன்னேன் அல்லவா, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து ஊட்டிப் பார்த்தேன். படத்தைப் பார்த்ததும் ஓடிவந்தாள், தேவி. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். சிரிப்பு எனக்கு இல்லை, படத்துக்கு. சுண்டுவிரலால் படத்தின் இமையைத் தூக்கப் பார்த்தாள். வழவழவென்று நழுவியது. நகத்தால் சுரண்டினாள். கண் இருந்த இடம் கிழிந்ததும் படத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தான்தான் அம்மாவைக் கிழித்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ.

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் முன்பே சொன்னதுதான். தூங்கும்போது என் இமை முழுசாக மூடுவதில்லை, ஒரு கீற்று திறந்தே கிடக்கிறது. கொஞ்ச நாளில் சரியாகுமாம். ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது எழில் எட்ட நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை. தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள இனி அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஆயா என்று யாரோ சொன்னதற்காக என் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் செய்துவிட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறையில் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. எனக்குப் பேச ஆள் இல்லை.

ஆண்டாள்


கரியாலூர்
5.1.2025

என் தங்கமே, தேவி,

நீ பஸ் ஏறினதிலிருந்து எழில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். நான் பேசிவிடுகிறேன். நீ பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அவள் உன்னிடம் வந்து உன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கருவிழி தெரிந்ததும் சிரித்தாள். உனக்கும் இமை இறங்க ஆரம்பித்திருக்கிறது, தாடைச் சதையும் தொளதொளத்திருக்கிறது. அப்பாவின் கண், அம்மாவின் தாடை. நாலு நாளும் உன் தாடையைப் பிடித்துக்கொண்டு வயிறார உண்டாள். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவள் சாப்பிட்டாள்.

ஒரு வழி தோன்றுகிறது. பொங்கல் முடிந்ததும் வந்து ஆறு மாதம் எங்களோடு இரு. உன்னைப் பிடித்துக்கொண்டு அவள் சாப்பிடட்டும், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறேன். உன் முகத்தையும் என் கையையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்து, பிறகு என் முகத்துக்கு வருவாள். வருவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. விடுதியில் உனக்கும் ஒரு வேலை இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்பது பெரிய கேள்விதான். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அதுவரை உன் முகத்தில் கத்தி படக் கூடாது. உனக்கும் நாள் குறித்திருப்பதாகச் சொன்னாயே, அதைத் தள்ளிப் போடு. இந்த உலகத்தில் எழிலின் அம்மா முகம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா


சென்னை
3.2.2025

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். போன மாதம் இருபத்தி நாலாம் தேதி எனக்கும் செய்துவிட்டார்கள். முகமும் இமையும் சேர்த்து.

நாள் குறித்தாகிவிட்டது, மாற்றினால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொன்னாள். அது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அந்த நாலு நாளும் எழில் என்னை விடவே இல்லை, அக்கா. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தட்டினாள். மூன்றாம் நாள் காலையில் அவள் விரல் என் கண்மேல் வந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. ஆறு மாதம் என்கிறாய். ஆறு மாதத்தில் உன்னிடம் வராவிட்டால்? என் வாழ்நாள் முழுக்க அந்த விரல் என் இமைமேலேயே இருக்கும் என்று தோன்றிவிட்டது. நான் கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, பிள்ளையும் பெறவில்லை, இந்த ஊரில் தனியாக ஒரு வாழ்க்கையைப் பிடித்து வைத்திருக்கிறேன். பயந்துவிட்டேன். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஆபரேஷனுக்குப் போனேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தேவி


கரியாலூர்
16.2.2025

தேவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

காதுக்குப் பின்னால் இருக்கிற தையல் இடம் குளிரில் அரிக்கும். சொறிந்துவிடாதே. இன்னும் கொஞ்ச நாளைக்கு இரண்டு தலையணை வைத்துத் தலையைத் தூக்கிப் படு. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, கண் காய்ந்தால் மணல் விழுந்ததுபோல் இருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

உன் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கே அந்தப் பயம் பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. உன்னை வெறுக்கவில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்க்கிறவளை உள்ளே கூப்பிடும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே. வரவும் வேண்டாம். நாம் இரண்டு பேரும் இப்போது ஒரே மாதிரி இருப்போம். அவள் இரண்டு பேரையும் பார்த்து அலறுவாள்.

எழில் சாப்பிடுகிறாள். அதற்கு ஒரு வழி முன்னமே தெரியும், முதலில் என் முகத்துக்கே பழகட்டும் என்றும், பிறகு உன்னை நம்பியும் செய்யாமல் இருந்தேன். உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய துண்டை எடுத்து முகம் மறைய வாய்வரை சுற்றிக்கொண்டு, "எழிலு, சோறு துன்ன வாடி"ன்னு கூப்பிட்டேன். வந்துவிட்டாள். புடவையில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு என் கையால் ஒரு தட்டுச் சோறு உண்டாள்.

இப்போது காலையில் அவள் எழுவதற்கு முன்னால் துண்டைக் கட்டிக்கொள்கிறேன், அவள் தூங்கின பிறகு அவிழ்க்கிறேன். சமையலும் துண்டோடுதான். செல்லியம்மாள் ஒன்றும் கேட்பதில்லை. கண்ணுக்கு மேலே துணி வருவதால் மறுபடியும் அரிசியில் கல் தெரிவதில்லை.

விடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். சுண்டுவிரலால் துண்டின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கப் பார்க்கிறாள், உள்ளே அம்மா விழித்திருக்கிறாளா என்று. தினமும் அந்த விரலைப் பிடித்து நானே கீழே இறக்கி வைக்கிறேன்.

ஆண்டாள்